கலங்கிய இன்சுலினும் ஒரு பிஎச்.டி.யும்: புரதங்களின் பயோபிசிகல் கெமிஸ்ட்ரியில் ஆராய்ச்சி செய்ய நினைப்பவர்களுக்கு

சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொள்பவர் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் சில விதிகள் தெரிந்திருக்கும். இன்சுலின் ஃபிரிட்ஜின் கதவுத் தட்டில் இருக்க வேண்டும். ஃபிரீசர் பக்கம் போகவே கூடாது. வெயில் படக்கூடாது, வேகமாகக் குலுக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளில் ஈர மணலோ தண்ணீரோ உள்ள மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள். தண்ணீர் போலத் தெளிவாக இருக்க வேண்டிய இன்சுலின் கலங்கித் தெரிந்தால், விலை எவ்வளவு ஆனாலும் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பாராசிட்டமால் மாத்திரைக்கு யாரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை. இன்சுலினுக்கு மட்டும் ஏன்?

இன்சுலின் ஒரு புரதம், காரணம் அதுதான். 21 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி, 30 கொண்ட இன்னொன்று, மொத்தம் 51. அவற்றைத் தைத்து வைத்திருக்கும் கந்தகப் பாலங்கள் மூன்று. எந்த அமினோ அமிலம் எந்த வரிசையில் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அந்தச் சங்கிலிகள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மடிந்திருக்க வேண்டும், அப்போதுதான் அது மருந்து. சூட்டிலும் குலுக்கலிலும் ஓர் அணுகூடக் குறையாது. மடிப்பு மட்டும் குலையும். குலைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி மெல்லிய நார்களாகச் சேரும். குப்பியில் கண்ணுக்குத் தெரியும் கலங்கல் அதுதான்.

இந்த வடிவத்தை எது பிடித்து வைத்திருக்கிறது, எவ்வளவு இறுக்கமாக, எது அதைத் தளர்த்துகிறது? இவற்றை எண்ணாக அளந்து சொல்லும் துறைக்குத்தான் பயோபிசிகல் கெமிஸ்ட்ரி என்று பெயர். தமிழில் உயிரியற்பிய வேதியியல் என்பார்கள். கேள்வி உயிரியலுடையது, கருவிகள் இயற்பியலுடையவை, கணக்கு வேதியியலுடையது. இந்தத் துறையில் பிஎச்.டி. செய்யலாமா என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் முதலில் சொல்வது: எந்தக் கல்வி நிறுவனம், எவ்வளவு ஃபெலோஷிப் என்பதை அப்புறம் பார்க்கலாம். "அளந்து சொல்வது" என்ற அந்த ஒரு விஷயம் உங்களுக்குப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிடித்தால் ஐந்து வருடம் தாங்கும்.

பிடிக்குமா என்று தெரிந்துகொள்ள ஒரு கணக்கு. மடிந்த புரதத்துக்கும் குலைந்த புரதத்துக்கும் இடையே உள்ள கட்டிலா ஆற்றல் வேறுபாடு, பெரும்பாலான சிறிய புரதங்களில், ஒரு மோலுக்கு 5 முதல் 15 கிலோகலோரிக்குள்தான் இருக்கும். சாதாரணக் கார்பன்-கார்பன் பிணைப்பு ஒன்றை உடைக்கவே ஏறக்குறைய 83 கிலோகலோரி வேண்டும். நூற்றுக்கணக்கான பிணைப்புகள் உள்ள ஒரு பெரிய மூலக்கூறின் வடிவம் இவ்வளவு சின்ன வித்தியாசத்தில் நிற்கிறது. ஊர்த் திருவிழாவில் வடம் இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் முந்நூறு பேர் முழுப் பலத்தோடு இழுக்கிறார்கள். ஒரு பக்கம் ஓரிருவர் கூடுதல். ஒரு பக்கம், தண்ணீரை வெறுக்கும் எண்ணெய்த்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் உள்ளே ஒளிந்துகொள்ளப் பார்க்கின்றன. மறுபக்கம், சங்கிலி தன் இஷ்டத்துக்கு நெளிந்து ஆடும் சுதந்திரத்தை விடமாட்டேன் என்கிறது. முதல் பக்கம் நூலிழையில் ஜெயிக்கிறது.

இந்த ஆற்றல் வேறுபாடு, அதாவது நிலைப்பு, 5 கிலோகலோரி உள்ள ஒரு புரதத்தை 25 டிகிரியில் எடுத்துக்கொண்டால், எந்த நொடியிலும் சுமார் 4,600 மூலக்கூறுகளில் ஒன்று குலைந்து கிடக்கும். ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றியதால் நிலைப்பு 2 கிலோகலோரி குறைந்ததென்று வையுங்கள். இப்போது சுமார் 160-ல் ஒன்று குலைந்திருக்கும். ஒட்டி நாராவதற்குக் காத்திருப்பவை ஏறக்குறைய முப்பது மடங்கு பெருகிவிட்டன. பரம்பரையாக வரும் பல நோய்களில் நடப்பது இதுதான். பிளஸ் டூ வேதியியலில் மனப்பாடம் செய்த சமநிலை மாறிலிச் சூத்திரத்தை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போடலாம். போட்டுப் பாருங்கள்.

சரி, இந்த 5 என்ற எண்ணை எப்படி அளக்கிறார்கள்? பழைய, எளிய, இன்றைக்கும் தினமும் நடக்கும் ஒரு சோதனையைச் சொல்கிறேன். யூரியா வேண்டும். வயலுக்குப் போடும் அதே யூரியாதான், லேப்பில் வாங்குவது மிகத் தூய்மையானது. பீக்கரில் தண்ணீர் ஊற்றி யூரியாவைக் கொட்டிக் கலக்கினால், கலக்கக் கலக்க பீக்கர் கையில் சில்லென்று ஆகும். கரைவதற்கு வேண்டிய வெப்பத்தைச் சுற்றிலுமிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. அன்றன்றைக்குக் கரைத்த யூரியாவைத்தான் பயன்படுத்த வேண்டும். பழைய கரைசலில் சயனேட் உருவாகி, புரதத்தின் மேல் ஏறி அதை மாற்றிவிடும். இந்த ஒரு விவரத்தைக் கவனிக்காமல் பல வாரங்களைத் தொலைத்தவர்கள் உண்டு.

பூஜ்யத்திலிருந்து 8 மோலார் வரை, யூரியாவின் அளவைப் படிப்படியாக ஏற்றி இருபது முப்பது சிறு குழாய்கள். எல்லாவற்றிலும் ஒரே அளவு புரதம். சமநிலைக்கு வர இரவு முழுக்க விட்டுவிட்டு, மறுநாள் ஒவ்வொன்றாக, ஒளிர்வை அளக்கும் ஃப்ளோரிமீட்டரில் வைக்க வேண்டும். புரதத்தில் ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம் இருந்தால், 295 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சும்போது அது திரும்ப ஒளிரும். மடிப்புக்குள் ஒளிந்திருக்கும்போது அந்த ஒளிர்வின் உச்சி பெரும்பாலும் 330-ஐ ஒட்டி இருக்கும். புரதம் குலைந்து, ட்ரிப்டோஃபான் தண்ணீருக்குள் வந்தால் உச்சி 350-க்கு நகரும். குழாய் குழாயாக அளந்து வரைந்தால், முதலில் தட்டையாகப் போய், நடுவில் சட்டென்று ஏறி, மறுபடி தட்டையாகும் வளைகோடு கிடைக்கும். அந்த ஏற்றத்திலிருந்து, யூரியா இல்லாத தண்ணீரில் புரதத்தின் நிலைப்பு எவ்வளவு என்று பின்னோக்கிக் கணக்கிடலாம். இன்சுலினில் ட்ரிப்டோஃபான் கிடையாது. அதற்கு சி.டி. (சர்குலர் டைக்ரோயிசம்) என்ற வேறொரு ஒளி முறை இருக்கிறது. 208, 222 நானோமீட்டர்களில் பார்த்தால் புரதத்தில் எவ்வளவு சுருள் இருக்கிறது என்று அது சொல்லும்.

யூரியாவை நீக்கினால் என்ன ஆகும்? பல புரதங்கள் தானாகவே பழைய வடிவத்துக்குத் திரும்பும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வியப்பு குறையவில்லை. அமெரிக்காவில் கிறிஸ்டியன் அன்ஃபின்சன் இதைத்தான் ரிபோநியூக்ளியேஸ் என்ற 124 அமினோ அமிலப் புரதத்தில் காட்டினார். அதில் கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் எட்டு, அவை இரண்டிரண்டாகச் சேரும் நான்கு கந்தகப் பாலங்கள். எட்டை இரண்டிரண்டாகச் சேர்க்க 105 வழிகள் இருக்கின்றன. புரதமோ சரியான அந்த ஒரு வழியைத் தானே தேடி எடுத்துக்கொண்டது. வடிவத்துக்கான குறிப்பு வரிசையிலேயே இருக்கிறது என்று நிரூபித்ததற்காக 1972-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. ஆனால் எப்படித் தேடுகிறது? நூறு அமினோ அமிலங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலைகள் என்று வைத்தால், மொத்த வடிவங்களின் எண்ணிக்கை 48 இலக்க எண். ஒவ்வொன்றாக முயன்று பார்த்தால் பிரபஞ்சத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் கொஞ்சமும் போதாது. சிறிய புரதங்களோ ஒரு நொடிக்குள் மடிந்துவிடுகின்றன. சைரஸ் லெவிந்தால் எழுப்பிய இந்தப் புதிரைச் சுற்றித்தான் இந்தத் துறையின் பாதி வளர்ந்தது.

இன்னொரு பகுதி சென்னையில் வளர்ந்தது. ஜி.என்.ராமச்சந்திரன் 1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் பேராசிரியராக வந்தபோது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை. தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் புரதத்தின் அமைப்பு அப்போது யாருக்கும் பிடிபடவில்லை. பக்கத்திலேயே அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது, மாதிரிகள் அங்கிருந்து கிடைத்தன. கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-ல் மூன்று இழைப் பின்னல் அமைப்பை முன்வைத்தார். பிறகு 1963-ல், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் ஆகியோருடன், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் அணுக்கள் இடித்துக்கொள்ளும் என்று ஒரு வரைபடம் போட்டார். ராமச்சந்திரன் வரைபடம் என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். இன்றைக்கும் புதிய புரத அமைப்பு ஒன்றை வெளியிடுகிறவர்கள் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை 1971-ல் தொடங்கியவரும் அவர்தான். ஆக்ஸ்ஃபோர்டில் டோரத்தி ஹாட்ஜ்கின் 1969-ல் இன்சுலினின் முப்பரிமாண அமைப்பைக் கண்டுபிடித்த குழுவில் இருந்த எம்.விஜயன், பின்னர் பெங்களூரு வந்து இதே பிரிவில் புரதப் படிகவியலை வளர்த்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் படிகவியல், உயிரியற்பியல் துறை இன்றும் இயங்குகிறது. இந்தத் துறை நமக்குத் தொலைவான துறை இல்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்கிறேன்.

மாணவர்கள் இப்போது அடிக்கடி கேட்கும் ஒரு கேள்வி: ஆல்ஃபாஃபோல்டு வந்துவிட்டதே, இனி இதில் என்ன மிச்சம்? நியாயமான கேள்வி. வரிசையைக் கொடுத்தால் வடிவத்தைக் கணிக்கும் அந்தச் செயற்கை நுண்ணறிவு 2020-ல் பெரும் பாய்ச்சல் காட்டியது. 2024-ல் அதற்காக டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவரும், புதிய புரதங்களை வடிவமைத்ததற்காக டேவிட் பேக்கரும் வேதியியல் நோபலைப் பகிர்ந்துகொண்டார்கள். ஆனால் அது தருவது ஒரு நிழற்படம். அந்தப் புரதம் எத்தனை கிலோகலோரியில் நிற்கிறது, 42 டிகிரி காய்ச்சலில் என்ன ஆகும், எந்த வேகத்தில் திறந்து மூடுகிறது, நாராகச் சேரும் முதல் நொடியில் எது எதோடு ஒட்டுகிறது என்பதையெல்லாம் ஒரு படம் சொல்லிவிடாது. இதைவிட, நிலையான வடிவமே இல்லாத புரதங்கள் ஏராளம். பார்க்கின்சன் நோயோடு தொடர்புள்ள ஆல்ஃபா-சைனுக்ளின் அப்படிப்பட்டது, 140 அமினோ அமிலங்கள். அல்சைமரில் மூளையில் படியும் அமிலாய்டு-பீட்டா வெறும் 42. செல்லுக்குள் சில புரதங்கள் எண்ணெய்த் துளிபோல் பிரிந்து நிற்பது 2009-க்குப் பிறகு தனி ஆராய்ச்சிப் பிரிவாகவே விரிந்திருக்கிறது. மருந்து நிறுவனங்களுக்கோ, ஆன்டிபாடி மருந்தை அடர்த்தியாகக் கரைத்தாலும் கலங்காமல், பாகு போலக் கெட்டியாகாமல், ஊசியில் ஏற வைப்பது அன்றாடத் தலைவலி. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் உள்ள உயிரி மருந்து நிறுவனங்கள் இந்தத் திறமைக்காகவே ஆள் எடுக்கின்றன.

பிஎச்.டி. வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். முதல் வருடத்தில் பாதி நேரம் புரதம் தயாரிப்பதிலேயே போகும். ஈ.கோலை பாக்டீரியாவில் மரபணுவை ஏற்றி, வளர்த்து, உடைத்து, நிக்கல் நிரப்பிய குழாயில் (column) பிரித்து, ஜெல்லில் மின்சாரம் பாய்ச்சி ஓட்டி, நீல நிறத்தில் ஒற்றைப் பட்டை தெரிகிறதா என்று பார்ப்பீர்கள். நான் முதன்முதலாகச் சுத்தம் செய்த புரதத்தை டயாலிசிஸ் பையில் கட்டி, குளிர் அறையில் பஃபருக்குள் (பி.எச்.-ஐ மாறாமல் வைத்திருக்கும் கரைசல்) மிதக்கவிட்டு வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் பை முழுக்கப் பால் போல வெள்ளை. இரண்டு வார உழைப்பு அடியில் படிந்து கிடந்தது. அழுதுவிட்டேன். சீனியர் அக்கா ஒருவர் வந்து பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "உன் புரதத்தோட ஐசோஎலக்ட்ரிக் பாயின்ட் என்ன, பஃபரோட பி.எச். என்ன?" இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அந்த பி.எச்.-ல் புரதத்தின் மொத்த மின்சுமை பூஜ்யம். ஒன்றையொன்று விலக்கித் தள்ள எதுவும் இல்லாததால் எல்லாம் சேர்ந்து கட்டியாகிவிட்டது. பி.எச்.-ஐ ஒன்றரை அளவு ஏற்றியதும் அடுத்த முறை கண்ணாடி போல இருந்தது. இன்சுலின் குப்பியின் கலங்கலை நான் உண்மையில் புரிந்துகொண்டது அந்தக் காலையில்தான்.

யார் சேரலாம்? வேதியியல், இயற்பியல், உயிர் வேதியியல், உயிர்த்தொழில்நுட்பம், உயிரியற்பியல் எதில் எம்.எஸ்சி. முடித்திருந்தாலும் கதவு திறந்திருக்கிறது. நான்கு ஆண்டு இளநிலைப் பட்டத்தில் 75 சதவீதம் பெற்றவர்களும் நேரடியாகப் பிஎச்.டி.யில் சேரலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2022 விதிமுறைகள் அனுமதிக்கின்றன. நிறுவனங்கள் தங்களுக்கென்று கூடுதல் நிபந்தனை வைக்கும். வேதியியல் படித்தவர்கள் உயிரியல் தெரியாதே என்று பயப்பட வேண்டாம், அதை லேப்பில் கற்றுக்கொள்ளலாம். வெப்ப இயக்கவியலும் வேதிவினை வேகவியலும் தெரியாமல் வருகிறவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள்.

இந்தியாவில் பொதுவான வழி சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. ஆண்டுக்கு இரண்டு சுற்று. வேதியியல் தாளிலும் எழுதலாம், உயிர் அறிவியல் தாளிலும் எழுதலாம். அதில் ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) கிடைத்துவிட்டால் உங்கள் சம்பளத்தை நீங்களே கொண்டு போகிறீர்கள், அதனால் கைடு கிடைப்பது எளிது. 2023 ஜனவரியிலிருந்து முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆராய்ச்சி உதவித்தொகை) ஆனதும் 42,000; வீட்டு வாடகைப் படி தனி. சில இடங்களில் பணம் மாதக்கணக்கில் தாமதமாகும், ஆரம்பத்தில் கையில் கொஞ்சம் இருப்பது நல்லது. உயிர்த்தொழில்நுட்பத் துறையின் ஜே.ஆர்.எஃப்.-க்குத் தனித் தேர்வு உண்டு. ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணையும் ஏற்கின்றன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் (டி.ஐ.எஃப்.ஆர்.) நடத்தும் நுழைவுத் தேர்வு, பெங்களூருவில் உள்ள உயிரியல் ஆய்வு மையமான என்.சி.பி.எஸ்., மும்பை, ஹைதராபாத் டி.ஐ.எஃப்.ஆர். மையங்களுக்கு வழி, அதில் மனப்பாடம் எடுபடாது, தரவைக் கொடுத்து யோசிக்கச் சொல்வார்கள். இவை தவிர ஐசர்கள் (இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்), ஹைதராபாத்தில் உள்ள செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி., சென்னை ஐ.ஐ.டி., மதுரை காமராசர் பல்கலைக்கழகம் போன்ற இடங்களிலும் புரதம் சார்ந்த ஆய்வுக் குழுக்கள் இருக்கின்றன.

வெளிநாட்டில் முறை வேறு. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் பிஎச்.டி. பெரும்பாலும் ஒரு வேலை. சம்பளம், மருத்துவக் காப்பீடு, விடுப்பு எல்லாம் உண்டு. இடம் காலியானால் வேலை விளம்பரம் போல வெளியிடுவார்கள். எந்தப் புரதம், எந்தக் கருவி, எத்தனை வருடம் என்று அதிலேயே எழுதியிருக்கும். அதனால் எல்லோருக்கும் ஒரே கடிதம் அனுப்பினால் பயனில்லை, அந்த விளம்பரத்துக்கென்றே எழுத வேண்டும். வேக வினைகளை அளக்கும் முறைக்காக 1967-ல் நோபல் பெற்ற மான்ஃபிரெட் ஐகன் தொடங்கிய நிறுவனம் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருக்கிறது. இத்துறையின் பெயரையே தாங்கியிருந்த அந்த மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் 2022-ல் இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறியது, ஆனால் பணி தொடர்கிறது. ஸ்வீடனின் லுண்டு பல்கலைக்கழகத்தில் அமிலாய்டு நார்கள் உருவாகும் வேகத்தைப் பற்றி முக்கியமான வேலைகள் நடந்துள்ளன. அமெரிக்காவில் இளநிலைப் பட்டத்தோடே விண்ணப்பிக்கலாம். பெரும்பாலும் டிசம்பரை ஒட்டிக் கடைசித் தேதி வரும், முதல் வருடம் இரண்டு மூன்று லேப்களில் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். அந்தச் சுற்று முறை நம் ஊரிலும் எல்லா இடத்திலும் வந்தால் நன்றாயிருக்கும் என்பது என் ஆசை.

ஏனென்றால், லேப் தேர்வுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நிறுவனத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்து, கைடோடு ஒத்துப்போகாமல் மூன்றாம் வருடம் விலகியவர்களை எனக்குத் தெரியும். இன்டர்வியூவுக்குப் போகும்போது அந்த லேப்பின் ஸ்காலர்களோடு ஒரு டீ குடியுங்கள். கைடு வாரத்துக்கு எத்தனை முறை உட்கார்ந்து டேட்டா பார்க்கிறார், கடைசியாக முடித்தவருக்கு எத்தனை வருடம் ஆனது, சி.டி. மெஷின் இந்த லேப்பிலேயே இருக்கிறதா அல்லது வேறு துறையில் நேரம் கேட்டு வாங்க வேண்டுமா, மெஷின் பழுதானால் சரிசெய்ய எத்தனை மாதம் ஆகும் என்று கேளுங்கள். இந்தப் பதில்கள் எந்த வலைத்தளத்திலும் இருக்காது.

இன்னும் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு, இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப். இரண்டு மாதம், உதவித்தொகையோடு, ஒரு உண்மையான லேப்பில் வேலை. விண்ணப்பம் வழக்கமாக அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே முடிந்துவிடும், கோடை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சிறிய ஊர்க் கல்லூரி மாணவர்களும் இதில் விண்ணப்பிக்கலாம்.

பேராசிரியருக்கு மெயில் எழுதும்போது "மதிப்பிற்குரிய ஐயா, உங்கள் ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் கொண்டுள்ளேன்" என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். அந்த லேப்பின் சமீபத்திய கட்டுரை ஒன்றை எடுத்து, முதல் இரண்டு படங்களைப் புரியும்வரை பாருங்கள். புரியாத இடம் ஒன்று கட்டாயம் இருக்கும். "இரண்டாவது படத்தில் 4 மோலார் யூரியாவுக்கு மேல் கோடு ஏன் மெல்லச் சாய்கிறது? குலைந்த பிறகும் ஏதாவது மாறுகிறதா?" என்பது போல ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள். கூடவே நீங்கள் யார், என்ன படித்தீர்கள், நெட் அல்லது கேட் நிலவரம் என்ன, எப்போதிலிருந்து வர முடியும் என்று ஐந்து வரி. மதிப்பெண் பட்டியலையும் ஒரு பக்க பயோடேட்டாவையும் ஒரே பி.டி.எஃப். ஆகச் சேருங்கள். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் வரவில்லை என்றால் அடுத்த லேப்பின் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள்.